ஏரிக்கரைச் சாட்சியம்: திருவண்ணாமலையின் வலசைப் பறவைகளும் கேமராவும்

திருவண்ணாமலைக்கு வெளியூர்க் கூட்டம் என்றைக்கு வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பும். கார்த்திகையில் மலையுச்சியில் தீபம் ஏறும்போது லட்சக்கணக்கில் சேரும். இந்தக் கூட்டத்துக்குச் சிறப்புப் பேருந்து உண்டு, காவல் உண்டு, எண்ணிக்கைக் கணக்கும் உண்டு. ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை ஊரின் ஏரிகளிலும் வேலியோரங்களிலும் மலையடிக் காட்டிலும் தங்கிப்போகும் இன்னொரு வெளியூர்க் கூட்டத்துக்குத் தொடர்ச்சியான அரசுக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை, எழுதப்படும் அளவுக்கு எழுதிவருகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பறவை ஆர்வலர்கள்தான். கையில் பெரும்பாலும் கேமரா, சிலரிடம் இருநோக்கி, மிகச் சிலரிடம் நோட்டுப்புத்தகம்.

இவர்கள் திரட்டுவது அறிவா, ஆல்பமா? இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான்.

1. செய்தித்தாள் கட்டிய பறவை

வலசை குறித்துத் தமிழ்ப் பொதுவெளியில் நிலவும் புரிதலைப் பெரிதும் வடித்தவை குளிர்காலச் செய்திகள். 'சைபீரியா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்ற பாணியில் தலைப்பு இருக்கும். கீழே கூழைக்கடாவோ மஞ்சள்மூக்கு நாரையோ நிற்கும் படம். இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்திலேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. மழையையும் மீனையும் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் நகரும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்கத் தமிழ்நாட்டுக்கு வரும் பறவை எதுவும் இல்லை. இங்கே குளிர்காலம் என்றால் அங்கே கோடை என்பதை யோசித்தாலே இது விளங்கும். சைபீரியக் கொக்கின் கதை இன்னும் விசித்திரமானது. அது இந்தியாவில் கடைசியாகத் தங்கியது ராஜஸ்தானின் பரத்பூரில், 2001-02 குளிர்காலத்தில். அதன் பெயர் மட்டும் தமிழ்ச் செய்திகளில் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குளிர்கால விருந்தாளியாக வரும் பறவை இங்கே கூடு கட்டுவதில்லை. அதன் தொட்டில் வடக்கே இருக்கிறது. வேடந்தாங்கலில் மரம் நிறையக் கூடுகளோடு நிற்கும் கூட்டம் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள். அதே ஏரியில் கூடு பற்றிய கவலையே இல்லாமல் தண்ணீரில் தலைகவிழ்ந்து மேயும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும்தான் கடல்மட்டத்தையும் இமயத்தையும் ஒரே பயணத்தில் பார்த்தவை.

'வெளிநாடு' என்ற மோகம் இன்னொரு உண்மையையும் மறைத்துவிடுகிறது. ஆறுமணிக்குருவி வலசைப் பறவைதான். ஆனால் அது இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. அக்டோபர், நவம்பர் இரவுகளில் பறந்து களைத்த குருவி வீட்டு முற்றத்திலோ மாடிப்படியிலோ விழுந்து கிடப்பதும், 'ஏதோ வெளிநாட்டுக் கிளி' என்று அக்கம்பக்கம் கூடுவதும் தமிழக ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. உள்நாட்டு வலசை என்று ஒன்று உண்டு என்பது இன்னும் பொதுப்புத்திக்குள் வரவில்லை.

இலக்கியச் சான்றையும் இதே கறாரோடு அணுக வேண்டும். தென்கோடியிலிருந்து வடக்கே திரும்பும் நாரை இணையிடம் தன் ஊர்க் குளத்தில் தங்கிப்போகச் சொல்லும் சத்திமுத்தப் புலவரின் பாடல், வலசை பற்றிய பழந்தமிழ் அறிவுக்கு ஆதாரமாக மேடைதோறும் காட்டப்படுகிறது. பறவைகள் பருவத்துக்குப் பருவம் வடக்கும் தெற்குமாகப் போய்வருகின்றன என்று அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. எந்த மாதம், எத்தனை, எந்த ஏரி என்ற கேள்விகளைப் பாடலின்மேல் ஏற்றினால் அது தாங்காது. அந்தக் கேள்விகளுக்கு வேறு வகை ஆவணம் வேண்டும்.

2. வரைபடத்துக்கு வெளியே இருக்கும் தண்ணீர்

பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களான ராம்சார் தளங்கள் தமிழ்நாட்டில் இப்போது 20 உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. வடகிழக்கே வேடந்தாங்கல், கரிக்கிலி. கிழக்கே மரக்காணத்தை ஒட்டி, 2024இல் பட்டியலில் சேர்ந்த கழுவேலி. நடுவிலிருக்கும் இந்த மாவட்டம் பறவை வரைபடத்தில் கிட்டத்தட்ட வெற்றிடம்.

பறவைகளுக்கு அந்த வரைபடம் தெரியாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, குளங்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. சரணாலயம் என்ற பலகை நிற்பவை அதில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மத்திய ஆசிய வலசைப் பாதையில் 182 வகை நீர்ப்பறவைகள் கணக்கில் உள்ளன. தமிழகத்துக்கு வருபவற்றில் பெரும்பங்கு வயலையும் ஏரியின் உள்வாயையும் நம்பித்தான் வருகின்றன. திருவண்ணாமலைக்கு அந்த உள்வாய் கிரிவலப் பாதைக்குப் பக்கத்திலேயே, சமுத்திரம் ஏரியாக இருக்கிறது. வேங்கிக்கால், கீழ்நாத்தூர் ஏரிகள் நகரம் வளர்ந்து வளர்ந்து ஏறக்குறைய நகருக்குள்ளேயே வந்துவிட்டன. 2024இல் மாநகராட்சியாகத் தரமுயர்ந்த ஊரில் ஏரிக்கரை என்பது மனைவிலைக்கும் பறவைக்கும் நடுவே நிற்கும் மண்மேடு.

ஏரி நிறைந்தால் பறவை வரும் என்பது ஊர்வழக்கு. பாதி சரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி கோடி போகும்போது வாத்துகளுக்கும் முக்குளிப்பான்களுக்கும் கொண்டாட்டம். உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் அதே நிறைந்த ஏரி வெறும் தண்ணீர்க் காடு. அவற்றுக்கு வேண்டியது கணுக்கால் ஆழ நீரும், புழு நெளியும் சேறும். ஜனவரிக்குப் பின் மதகு திறந்து பாசனம் நடந்து நீர் உள்வாங்கும்போதுதான் அவற்றின் பந்தி விரிகிறது. ஆகவே ஓர் ஏரியின் பறவைப் பட்டியல் அந்த ஆண்டின் மழைப்பட்டியலும்கூட.

2024 டிசம்பர் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபெஞ்சல் புயலின் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டின் டிசம்பரில் ஒருவர் நகர ஏரியை ஒருமுறை பார்த்துவிட்டு 'உள்ளான்கள் குறைந்துவிட்டன' என்று எழுதினால், அவர் பார்த்தது பறவையின் சரிவை அல்ல, நீர்மட்டத்தை. ஒற்றைப் பயணத்தில், ஒற்றைப் படத்தில் இந்த வேறுபாடு பிடிபடாது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதே கரைக்குத் திரும்பி வருபவருக்குத்தான் பிடிபடும்; திரும்பி வரக்கூடியவர் வீடு பக்கத்தில் இருப்பவர்தான்.

1958இல் கட்டி முடிந்த சாத்தனூர் நீர்த்தேக்கத்தைப் பறவைக்காக நாடிப் போகிறவர்கள் உண்டு. ஆழமான தண்ணீர், விராலடிப்பானுக்கும் நீர்க்காகங்களுக்கும் ஏற்றது. சிறு கரைப்பறவைக்கு அங்கே வேலை குறைவு. பெயர்பெற்ற பெரிய நீர்நிலையைவிடப் பெயரில்லாத கிராமத்து ஏரி சில மாதங்களில் பணக்காரத்தனமானது.

3. மலை பசுத்தது, பறவை கூடியதா?

மலைப்பக்கம் கேள்வி சிக்கலாகிறது. 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை நெடுங்காலம் பாறையும் புல்லுமாக, கோடைதோறும் எரிந்து கருகும் மலையாக இருந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் வனத்துறையும், தி ஃபாரஸ்ட் வே உள்ளிட்ட தன்னார்வ அமைப்புகளும் மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீயை ஓடி அணைத்து, அடிவாரத்தில் காட்டை மீட்டிருக்கிறார்கள். சருகு மூடிய நிலம் உண்டானால் ஆறுமணிக்குருவிக்கு இரை கிடைக்கும். நிழல் உண்டானால் அரசவால் ஈப்பிடிப்பானும் கொடிக்கால் வாலாட்டியும் தங்கும். இவை குளிர்காலத்தில் தெற்கே வரும் காட்டுப்பறவைகள். மரம் வந்தது, பறவை வந்தது என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. காரண காரியமும் பொருந்துகிறது.

இதற்கு எதிரான விளக்கமும் அதே அளவு வலுவானது. காடு வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் டிஜிட்டல் கேமரா மலிந்தது. 83 மடங்கு உருப்பெருக்கும் நிக்கான் பி900 வந்தது 2015இல். 125 மடங்கு உருப்பெருக்கும் பி1000 வந்தது 2018இல். தோளில் பீரங்கி போன்ற லென்ஸைச் சுமக்காமலேயே மரவுச்சிக் குருவியின் கண்வட்டத்தைப் படமெடுக்க முடிந்தது. பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் ஈபேர்டு இணையதளம் இந்தியாவில் பரவலானதும் இதே காலத்தில். முன்பு இல்லாத பறவை இப்போது வந்ததா, முன்பு இருந்த பறவையை இப்போதுதான் பார்க்கிறார்களா?

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஆறுமணிக்குருவியின் படங்கள் எத்தனை சேர்ந்தன என்று எண்ணக் கூடாது. கண்ட பறவை எல்லாவற்றையும் எழுதிய முழுப்பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் அது இடம்பெற்றது என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர் பத்து மடங்கானாலும் இந்த விகிதம் அதனால் மட்டும் ஏறாது. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இந்த முறையில்தான் எழுந்தது. 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆர்வலர்களின் மூன்று கோடிப் பதிவுகள், 942 பறவையினங்கள். அவற்றில் 178 உடனடிப் பாதுகாப்புக் கவனம் தேவைப்படுபவை. நெடுந்தூரம் வலசை வருபவை மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சரிந்திருப்பதையும் அந்த அறிக்கை காட்டியது. அந்த மூன்று கோடியில் படத்தோடு வந்தவை சிறுபான்மை.

மலையைப் பற்றிப் பேசும்போது ஒளியையும் தொட்டுச் செல்ல வேண்டும். சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் வலசை போகின்றன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானை நோக்கிப் பாய்ச்சப்படும் ஒளிக்கற்றை, ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகளின் போக்கைக் குலைத்ததாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. விளக்கை அணைத்ததும் அவை கலைந்து போயின. உடனே கார்த்திகை தீபத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். ஆண்டுக்குப் பதினோரு நாள் எரியும் நெய்த்தீபமும் வானைத் துளைக்கும் மின்கற்றையும் ஒன்றல்ல. ஆண்டு முழுவதும் ஏரிக்கரையை வெளுக்கவைக்கும் உயர்கோபுர விளக்குகள்தான் ஆராயத்தக்கவை.

4. படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சான்று என்ற வகையில் ஒளிப்படத்துக்கு முன்னால் துப்பாக்கி இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைப் பற்றி விஸ்லரும் கின்னியரும் 1930களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய தொடர், சுட்டுப் பதப்படுத்திய தோல்களை வைத்து எழுந்தது. அடுத்து வளையம் வந்தது. 1959இல் சாலிம் அலியின் முனைப்பிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவிலும் அந்தக் கழகம் தொடங்கிய வலசை ஆய்வுக்கு முதல் தூண்டுதல், கியாசனூர்க் காட்டு நோயின் உண்ணிகளைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்ற மருத்துவக் கேள்வி. கோடியக்கரை அதன் முக்கியக் களமானது. வளையமிட்ட பறவைகளில் மீண்டும் கைக்குக் கிடைப்பவை மிகச் சொற்பம். ஆனால் கிடைத்த ஒவ்வொன்றும் இரு ஊர்களைத் துல்லியமாக இணைத்துவிடும்.

ஒளிப்படம் இவ்விரண்டுக்கும் இரக்கமுள்ள வாரிசு. உயிரை எடுக்காமல் அடையாளத்தை எடுக்கிறது. வயலில் காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பும் கோரை உள்ளான் விசிறிவாலா, ஊசிவாலா என்று வெறுங்கண்ணால் தீர்ப்புச் சொல்வது துணிச்சல்; பறக்கும்போது எடுத்த படத்தில் இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் அது விசிறிவால். காலில் வண்ணக் கொடி கட்டிய பறவையின் குறியீட்டைப் படத்தில் பெரிதாக்கிப் படிக்கலாம், பிடிக்கத் தேவையில்லை. ஓர் இனம் ஒரு மாவட்டத்துக்குப் புதிது என்று சொல்பவரிடம் படம் கேட்பதும் நியாயம்.

படத்தின் எல்லை எங்கே என்று காட்ட ஒரே ஒரு பறவை போதும்: பிளைத் நாணல் கதிர்க்குருவி. பன்னிரண்டு கிராம் எடை, மங்கிய பழுப்பு, பார்த்ததும் மறக்கும் தோற்றம். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் அந்த இனம் ஏறக்குறைய முழுக்கவே இந்தியத் துணைக்கண்டத்துக்குள் வந்து ஒடுங்குகிறது. கிணற்றடிச் செம்பருத்தியிலும் வேலிப் புதரிலும் மறைந்துகொண்டு 'சக்... சக்...' என்று அதட்டும். தமிழகத் தோட்டங்களில் மிகச் சாதாரணமான குளிர்கால விருந்தாளிகளுள் ஒன்று இது. இதைச் சட்டமிட்டு மாட்டியவர் அபூர்வம். அழகும் இல்லை, வெளியே வரவும் வராது. படத்தில் விழுந்தாலும் பாதி இலை. ஓர் ஊரின் வலசையை ஒளிப்படக் கண்காட்சியிலிருந்து மதிப்பிட்டால், பொன்னும் நீலமுமான ஆறுமணிக்குருவி ஊரையே ஆள்வதாகத் தோன்றும். வேலிக்கு வேலி இருக்கும் கதிர்க்குருவி வரவே இல்லை என்றாகும்.

இன்னொன்று, இல்லாமையைப் படமெடுக்க முடியாது. சென்ற நவம்பரில் இருந்த தட்டைவாயன் இந்த நவம்பரில் இல்லை என்பது ஆய்வுக்கு மிகப் பெரிய செய்தி. கேமராக்காரருக்கு அது வீணான காலைப்பொழுது. பட்டியல் எழுதுபவருக்கு ஒரு பதிவு.

மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த இரண்டு உலகங்களிலும் நின்றவர். கறுப்பு வெள்ளையில், தன் தேவைக்கேற்பத் தானே இணைத்துக்கொண்ட கனத்த கேமராக்களில் படமெடுத்தவர். 1950 முதல் சாகும்வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பத்தி எழுதியவர். காக்கையும் மைனாவும் அணிலும் அவர் பத்தியில் யானைக்குச் சமமாக இடம்பிடித்தன. வீட்டருகே பார்ப்பதைத் தகுதிக்குறைவாக அவர் எண்ணியதில்லை. இன்றைய ஆர்வலர் அவருடைய படங்களைவிட அவர் எழுதிய குறிப்புகளிடம்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

5. பட்டியலின் ஓட்டைகள்

பட்டியலும் மாசற்றதல்ல. ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறார்கள். சாலை போகும் ஏரியைப் பார்க்கிறார்கள். முன்பு நல்ல பறவை கிடைத்த இடத்துக்கே போகிறார்கள். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. பொங்கலையொட்டிய சில நாட்களில், குறைந்தது கால் மணி நேரம், இருக்கும் இடத்திலேயே நின்று, கண்டதையும் கேட்டதையும் எல்லாம் எழுதுவது என்ற எளிய விதி, சொந்தக் கிராமத்துக்குப் பொங்கலுக்குப் போனவர்களை அந்தந்த ஊர் ஏரிக்கே அழைத்துச் சென்றது. சரணாலயங்களுக்கு வெளியே இருக்கும் தமிழகம் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கப்பட்டது அதனால்தான்.

தீராத பாதி, காலம். ஜனவரி என்பது வந்தவை எல்லாம் வந்து அமர்ந்துவிட்ட மாதம். பச்சை உள்ளானும் சாதா உள்ளானும் ஆகஸ்டிலேயே வரத் தொடங்குகின்றன. சாம்பல் வாலாட்டி செப்டம்பர் வாக்கில். ஆறுமணிக்குருவியின் கடப்பு அக்டோபரில். பழுப்புக் கீச்சானும் கதிர்க்குருவியும் ஏப்ரல் வரையிலும் தங்கும். வருகையும் புறப்பாடும் நாள் தள்ளிப்போகின்றனவா என்பதுதான் பருவநிலை மாற்றக் காலத்தில் வலசை பற்றிய முதன்மைக் கேள்வி. முதல் வருகை, கடைசிப் பார்வை ஆகியவற்றின் தேதிகளைப் பொதுமக்களிடமிருந்து சேகரிக்க 2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் குறிவைத்தது இதைத்தான். பண்டிகைக் கணக்கெடுப்பு எவ்வளவு பெரிதானாலும் ஆகஸ்டின் வெயிலில் வறண்ட ஏரிக்கரைக்கு ஆளைக் கொண்டுவராது.

பெயர் ஒரு தடையாக இருந்த காலம் கடந்துவிட்டது. பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் திரட்டிய க. ரத்னத்தின் உழைப்பும், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' நூலும் தமிழிலேயே பார்த்துத் தமிழிலேயே எழுதும் வசதியைத் தந்துவிட்டன. ஆங்கிலக் கையேடு இல்லாமல் பறவை பார்க்க முடியாது என்பது இனி சாக்கு.

6. தூரம்

ஒளிப்பட ஒழுக்கம் பற்றிய விவாதம் இங்கே பெரும்பாலும் கூட்டைச் சுற்றியே நடக்கிறது. பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, நல்லது. குளிர்கால வலசைப் பறவைக்கு இங்கே கூடே இல்லை. அதற்குத் தொந்தரவு வேறு வகை. ஆறுமணிக்குருவி குளிர்காலத்திலும் தன் எல்லையைக் குரல் கொடுத்துக் காக்கும். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் எதிரி வந்துவிட்டதென்று வெளியே வரும்; படம் கிடைக்கும்; இரை தேடும் நேரம் அதற்குப் போய்விடும். மார்ச் மாதச் சேற்றில் மேயும் உள்ளான், வடக்கே பறக்கத் தேவையான கொழுப்பைச் சேர்க்கிறது. பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தை எழுப்புவது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. கோயில் ஊரில் இதைச் சொல்லப் புதிய சட்டம் வேண்டியதில்லை. காக்கைக்கும் மானுக்கும் சமாதி எழுப்பிய ரமணாசிரமம் இருக்கும் ஊர் இது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்களும் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவர்கள் அல்லர்.

இந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், வீட்டருகே பறவை பார்ப்பவர் திரட்டுவது அறிவாகும் தகுதி உடையதே. அதற்குத் தேவை ஒரே இடம், தேதி, நீர்மட்டம் பற்றி ஒரு வரி, சாதாரணப் பறவைக்கும் அபூர்வத்துக்கும் ஒரே மரியாதை. படம் இதற்குத் துணைச்சான்று. ஐயம் எழும் இடத்தில் மட்டும் முதன்மைச் சான்று.

அந்த அறிவு போய்ச் சேர ஓர் இடமும் சட்டத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அதன் முக்கிய வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது. ஏரியின் உள்வாயில் கட்டடம் எழும்போதும், கரையில் விளக்குக் கம்பம் நடும்போதும் எடுத்துக்காட்டச் சட்டத் தகுதியுள்ள ஆவணம் அது. அழகான படம் நீதிமன்றத்தில் அவ்வளவு தூரம் நடக்காது. திருவண்ணாமலை ஆர்வலர்கள் தங்கள் பட்டியல்களை இணையத்தில் ஏற்றுவதோடு நிறுத்திவிடாமல், அச்செடுத்து மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் கொடுத்து, பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சமுத்திரம் ஏரிக்கு மாதம் இருமுறை, கால் மணி நேரம் ஒதுக்கும் நாலு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். தொடங்க வேண்டிய மாதம் ஜனவரி அல்ல, ஆகஸ்ட்.